ஆனைப்பாறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ராயப்பன்பட்டி
16.4.2025

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

பத்தாம் வகுப்புப் பரீட்சை நேற்றோடு முடிந்தது. சமூக அறிவியலில் மேற்குக் கடற்கரையை வரைபடத்தில் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். பென்சிலை அங்கே வைத்ததும் உன் நினைப்பு வந்து, வேண்டியதைவிட அதிக நேரம் நிறுத்திவிட்டேன். தாளில் ஒரு கரும்புள்ளி விழுந்துவிட்டது. திருத்துபவர் அதைத் தீவு என்று நினைத்துக்கொள்ளட்டும்.

இங்கே நாங்கள் மூவரும் நலம். அப்பா உன் பெயரை இன்னும் எடுக்கவில்லை. திராட்சை எடை போடும் இடத்தில் வியாபாரி தன் போனைக் காட்டி, "அண்ணே, அலையில பலகை மேல நிக்கிறது ஒங்க பெரிய பொண்ணுதான?" என்று கேட்டதிலிருந்து அப்படித்தான். "விளையாட்டு டீச்சர் வேலையில இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அத விட்டுப்புட்டுத் தண்ணியில நிக்கிறாளாம்" என்று அன்றைக்குச் சொன்னதுதான் கடைசி. உன் நம்பரையும் அன்றே தடுத்துவிட்டார். வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தானே.

இன்னொன்றும் கவனித்தேன். முன்பெல்லாம் என்னைச் 'சின்னவளே' என்று கூப்பிடுவார். இப்போது 'இவாஞ்சலின்' என்று முழுப்பெயரைச் சொல்கிறார். சின்னவள் என்றால் பெரியவள் ஒருத்தி இருக்க வேண்டுமே.

கடிதங்களை வழக்கம்போல நூலகத்துக்கே போடு. நூலகர் கிருபாவதி அக்கா என்னைப் பார்த்ததும், "ஒனக்குப் புத்தகம் வந்திருக்கு" என்று கண்ணைச் சிமிட்டுவார். மண்ணியல் புத்தகத்துக்குள் வைத்துத் தருகிறார். அந்தப் புத்தகத்தை வேறு யாரும் எடுப்பதே இல்லையாம்.

போன கடிதத்தில், "இங்கே ஒரு அலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்" என்று நிறுத்திவிட்டாய். அது நியாயமே இல்லை. உடனே எழுது.

உன் தங்கை,
இவா

முட்டம் அருகில்
21.4.2025

செல்ல இவாவுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. அம்மா சுட்ட அதிரசத்தில் என் பங்கையும் நீயே தின்றிருப்பாய், தெரியும்.

அலையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் அலைச்சறுக்குப் பயிற்சிப் பள்ளி இருக்கும் கரை மணல் கரை. அங்கே தினமும் அலை உண்டு. பிள்ளைகளுக்கு அங்கேதான் சொல்லித் தருகிறோம். அதைத் தாண்டித் தெற்கே நடந்தால் மணல் தீர்ந்து வெறும் பாறை. காலை வைத்தால் கிழிக்கும், அவ்வளவு கூர். அந்தப் பாறைக் கரையிலிருந்து நானூறு மீட்டர் உள்ளே, ஆனை முழங்கால் மடித்துப் படுத்த மாதிரி ஒரு பாறை தண்ணீருக்குள் கிடக்கிறது. பெயரே ஆனைப்பாறைதான்.

சாதாரண அலை அதைக் கண்டுகொள்ளாமல் மேலே தாண்டிப் போய்விடும். ஆனால் வெகு தெற்கே, மனுசரே இல்லாத கடலில் பெரும் புயல் அடித்தால், அங்கே எழும்பிய அலை ஐந்தாறு நாள் நடந்து இங்கே வரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் கழுவி விட்டதுபோல் இருக்கும். கடல் மட்டும் ஏறும். சொல்லாமல் வருவதால் மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். அந்த நாளில் மட்டும் ஆனைப்பாறையில் அலை தட்டி நிமிர்ந்து, உள்ளே கூடுபோல் வளைந்து உடையும். வருஷத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. போன வருஷம் ஒரு நாள்கூட இல்லை.

நான் ஒரு முறை கரையில் நின்று பார்த்திருக்கிறேன். பயந்தேன். ஆனால் இவா, பயந்துகொண்டே அது வலப்பக்கம் உடைகிறதா இடப்பக்கம் உடைகிறதா என்றும் கவனித்தேன். வலப்பக்கம். எனக்கு வாகான பக்கம்.

இதை யாரிடமும் சொல்லாதே. அப்பா காதுக்குப் போனால் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

அன்புடன்,
பிரின்சி

ராயப்பன்பட்டி
25.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பிறகு கலைக்களஞ்சியத்தில் 'அலை' என்ற பகுதியையும் படித்தேன். கடலில் நகர்ந்து வருவது தண்ணீர் இல்லையாம், அலை மட்டும்தானாம். தண்ணீர் இருந்த இடத்திலேயே ஏறி இறங்குமாம். கிருபாவதி அக்காவிடம் சொன்னேன். "அப்ப ஒங்க அக்கா எதும்மேல நிக்கிறா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

நேற்று தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்கடியில் நின்று மேகமலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் உயரமானவை எல்லாம் அசையாமல் நிற்கின்றன. அதனால்தான் உயரத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததே இல்லை. உயரமான ஒன்று என்னை நோக்கி நடந்து வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். உடனே உட்கார்ந்துவிட்டேன். அம்மா, "என்னடி, வெயிலு ஏறிருச்சா?" என்று மோர் கொடுத்தாள்.

எனக்குக் கேள்விகள் இருக்கின்றன. பாறைக்கு மேல் தண்ணீர் எத்தனை அடி? விழுந்தால் எந்தப் பக்கம் விழ வேண்டும்? இதற்கு முன் அங்கே ஏறியவர்கள் எத்தனை பேர், அதில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? முக்கியமானது: அடிபட்டால் உன்னைத் தூக்க யார் இருப்பார்கள்?

கோபித்துக்கொள்ளாதே. தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்று நம்புகிறேன். இதுவரை குறையவில்லை.

இவா

முட்டம் அருகில்
29.4.2025

இவா,

அவசரமாக எழுதுகிறேன். அலை புறப்பட்டுவிட்டது. கணிப்பு வந்திருக்கிறது. ஞாயிறு, மே 4, காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள். அந்த நேரம்தான் கரைக்காற்று மெதுவாக வீசி அலையின் முகத்தைச் சீராக வைத்திருக்கும்.

உன் கேள்விகளுக்கு: பாறைக்கு மேல் இரண்டு ஆள் ஆழம், அலை உறிஞ்சும்போது ஒரு ஆள். பாறைக்கு வலப்பக்கம் ஆழமான கால்வாய் உண்டு, அந்தப் பக்கம் விழ வேண்டும். இதற்கு முன் ஏறியவர்கள் மூன்று பேர். மூவரும் திரும்பி வந்தார்கள். ஒருவர் தோள் உடைந்து.

அந்தக் கால்வாயில் ஒரு படகு நிற்க வேண்டும். அதுதான் கிடைக்கவில்லை. கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். போதாததற்கு ஞாயிறு, இங்கே ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். பள்ளி நடத்தும் சுரேஷ்கண்ணன் அண்ணன் இன்னொரு பலகையில் கூட வருகிறார். அது போதும் என்று நினைக்கிறேன்.

இதை விட்டால் அடுத்தது எப்போதோ. ஒருவரிடமும் மூச்சு விடாதே. சத்தியம் செய்.

பிரின்சி

ராயப்பன்பட்டி
3.5.2025, சனி

அக்கா,

இது உன் கைக்கு வரும்போது ஞாயிறு கடந்திருக்கும். தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. யாரிடமும் சொல்லாதே என்றாய். மாதாவிடம் சொல்வது அதில் சேராது என்று நினைத்தேன். சாயங்காலம் கோயிலில் மே மாத வணக்கமாதச் செபமாலைக்குப் போனபோது ஒரு சீட்டு எழுதி எடுத்துக்கொண்டேன். மாதா சுரூபம் இருக்கும் கெபிக்கு முன்னால் உள்ள விண்ணப்பப் பெட்டி உனக்குத் தெரியும். அதில் போடும் சீட்டை யாரும் பிரிப்பதில்லை; மாதக் கடைசியில் அப்படியே எரித்துவிடுவார்கள். அதனால் மாதாவுக்குக் குழப்பம் வரக் கூடாதே என்று ஊர், பாறை, கிழமை, நேரம் எல்லாவற்றையும் தெளிவாக எழுதினேன்.

இந்த வருஷம் கெபிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். விண்ணப்பப் பெட்டியைக் கோயிலுக்குள் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் பூசைக் கருத்துப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே நீலம். இருட்டாகவும் இருந்தது. போட்டுவிட்டு நிம்மதியாக வந்து தூங்கினேன்.

பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று எழுதிப் போடும் அந்தக் கருத்துச் சீட்டுகளைக் கோயில் உபதேசியார் பிரித்து, காலைப் பூசைக்கு முன் மைக்கில் வாசிப்பார். கோபுரத்துக் குழாய் ஊர் முழுக்கக் கேட்கும்.

இன்று காலை அம்மா தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். முதலில் இறந்துபோன இரண்டு பேருடைய ஆன்ம இளைப்பாற்றி. பிறகு உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "செல்வமணி மகள் பிரின்சி, வயது இருபத்து மூன்று, நாளை ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள், முட்டம் பக்கம் ஆனைப்பாறை என்னும் இடத்தில், படகு இல்லாமல், கள்ளக்கடல் அலையில் ஏறப் போவதால், அவர் பத்திரமாகக் கரை திரும்ப..." சீட்டில் 'படகு இல்லாமல்' என்பதை அடிக்கோடிட்டிருந்தேன். அந்த இடத்தில் உபதேசியார் குரலை உயர்த்தினார்.

அம்மா வடிகட்டியோடு அப்படியே நின்றாள். "ஏடி, என்னடி வாசிக்கிறாக?" என்றாள்.

ஐந்து நிமிஷத்தில் அப்பா தோட்டத்திலிருந்து வந்துவிட்டார். குலை வெட்டும் கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. நேராக என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "அலையில ஏறுறதுன்னா என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆனை, இரண்டு ஆள் ஆழம், வலப்பக்கக் கால்வாய், தோள் உடைந்தவர், எல்லாம்.

"அவளுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அப்பா கத்தினார்.

"கிறுக்குப் புடிச்ச வம்சந்தான் இது. நாலு மாசமா பெத்த புள்ளகூடப் பேசாம இருந்தீகளே, அது என்னவாம்?" என்றாள் அம்மா. "ஒங்க ரோசத்தப் பொட்டியில வச்சுப் பூட்டிட்டு மொதல்ல கெளம்புங்க."

அம்மா பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டுப் பார்த்தாள், உன் நம்பர் கிடைக்கவில்லை. அப்பா சட்டையை மாற்றினார். வெறுங்கையோடு ஓர் ஊருக்குப் போகிற பழக்கம் அவருக்கு இல்லையே. காலையில் வெட்டிய பன்னீர் திராட்சையில் ஒரு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எட்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டார். ஏறும்போது என்னிடம், "அந்தப் பாறைக்குப் பேரு என்ன சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நாளைக்கு நீ அலை ஏறுவதற்குள் அவர் உன்னைப் பிடித்துவிட்டால், வருஷக்கணக்காகக் காத்திருந்தது என்னால் போய்விடும். பிடிக்காவிட்டால் நீ படகில்லாமல் போவாய். இந்த இரண்டில் எதற்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

உன் சத்தியத்தைக் காப்பாற்றாதவள்,
இவா

ராயப்பன்பட்டி
4.5.2025, ஞாயிறு மதியம்

அக்கா,

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பூமாரி அத்தையின் போனுக்கு அப்பா கூப்பிட்டார். அம்மா ஓடிப் போய் வாங்கினாள். "கரையில இருக்கா. தோசை திங்கிறா" என்றார். போன் அணைந்துவிட்டது.

அம்மா அந்த இரண்டு வாக்கியத்தைத் தெருவில் எட்டுப் பேரிடம் சொல்லிவிட்டாள். எட்டு முறையும் தோசை என்ற இடத்தில் அழுதாள்.

நீ என்மேல் கோபமாக இருப்பாய். இரு. தோசை தின்றுகொண்டே கோபமாக இரு. எனக்கு அது போதும்.

இவா

முட்டம் அருகில்
8.5.2025

இவா,

உன் இரண்டு கடிதமும் வந்தன. முந்தாநாள் வரை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முழு ஊருக்கும் குழாயில் அறிவித்துவிட்டாய் என்று அப்பா சொன்னபோது, எனக்கு உன் காதைத் திருக வேண்டும்போல் இருந்தது. இப்போது நடந்ததை எழுதுகிறேன், நீயே பார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு நானும் சுரேஷ்கண்ணன் அண்ணனும் துடுப்புப்போல் கைகளைப் போட்டு உள்ளே போய்விட்டோம். வானத்தில் ஒரு கீறல் மேகம் இல்லை. முதல் அலை ஆனைப்பாறையில் நிமிர்ந்தபோது, எனக்கு நம் ஊர்க் கோயில் முகப்பு எழுந்து வருவதுபோல் இருந்தது. நீ சொன்ன மாதிரி, உயரமான ஒன்று நடந்து வருவது. உட்கார்ந்துவிடத்தான் தோன்றியது. ஆனால் பலகையில் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

அரை மணி நேரம் ஒன்றையும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு வள்ளம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, எச்சரிக்கை வேறு, யார் இது என்று பார்த்தால், பின்னால் இன்ஜின் பக்கம் ஜாஸ்பர் அண்ணன், எங்களுக்குத் தெரிந்த மீனவர். முன்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கடலுக்குள் வாந்தி எடுத்துக்கொண்டு ஒருவர். அது அப்பா.

எப்படி வந்தார் என்பதை ஜாஸ்பர் அண்ணன் பிறகு சொன்னார். முந்தின சாயங்காலம் ஊர் வந்து, எங்கள் பள்ளி பூட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, கோயில் மண்டபத்தில் படுத்து, விடிந்ததும் முதல் பூசை முடிந்து வந்தவர்களை எல்லாம் வாசலில் நிறுத்தி, திராட்சைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆனைப்பாறைக்குப் போகணும்" என்றாராம். ஜாஸ்பர் அண்ணன், "அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம நாங்க மீன் பிடிக்கக் கடல்ல எறங்க மாட்டோம்" என்றிருக்கிறார். அப்பா, "மீனு புடிக்கத்தான எறங்கக் கூடாது? எம் புள்ளையப் புடிக்கலாம்ல?" என்றாராம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஜாஸ்பர் அண்ணனைப் பார்க்க, அவர் போய்ப் படகை அவிழ்த்திருக்கிறார்.

அப்பாவைப் பார்த்த கோபத்திலும் வெட்கத்திலும் நான் அடுத்த அலைக்குத் திரும்பிவிட்டேன். அது தப்பு. கோபத்தோடு எடுக்கக் கூடாது. எழுந்து நிற்பதற்குள் பலகையின் மூக்கு குத்திவிட்டது. அலை என்னை உள்ளே இழுத்து உருட்டியது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. முதுகு பாறையில் உரசியது. காலையும் பலகையையும் கட்டிய கயிறு அறுந்தது தெரிந்தது. வெளியே வந்து ஒரு மூச்சு வாங்குவதற்குள் இரண்டாவது அலை தலைமேல். அந்த நேரத்தில் நான் நினைத்தது ஒன்றே ஒன்று. நீ கேட்ட கடைசிக் கேள்வி. தூக்க யார் இருப்பார்கள்?

மூன்றாவது அலைக்கு முன்னால் படகிலிருந்து ஒரு கை நீண்டு என் தலைமயிரைப் பிடித்தது, அப்பாவின் கை. சுரேஷ்கண்ணன் அண்ணன் அந்தப் பக்கம் தூரத்தில் இருந்தார். அவரால் வந்திருக்க முடியாது. அந்தப் படகு இல்லை என்றால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

படகுக்குள் கிடந்து இருமினேன். அப்பா என் முதுகைப் பார்த்தார், சிராய்ப்புத்தான். துண்டை அவிழ்த்துத் துடைத்தார். ஜாஸ்பர் அண்ணன் மிதந்த என் பலகையைக் கொக்கியால் இழுத்துப் போட்டு, இருப்பில் இருந்த கயிற்றைக் கொடுத்தார். நான் கயிற்றையும் பார்த்தேன், பாறையையும் பார்த்தேன். முடிந்தது, ஊருக்குத்தான் என்று நினைத்தேன்.

அப்பா இன்னொரு தடவை வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொன்னு வருமா?" என்றார்.

"வரும்ப்பா."

"அப்பப் போ. பஸ்ஸுல ஒரு பகலு, மண்டபத்துல ஒரு ராத்திரி, இங்கன இவ்ளோ வாந்தி. இத்தனையும் நீ விழுறதப் பாக்கவா வந்தேன்? நேரா நின்னு காட்டு."

"அண்ணாச்சி!" என்று ஜாஸ்பர் அண்ணன் பதறினார். "எம் புள்ளைக்கு நீச்சத் தெரியும். நீங்க படக அங்கனயே நிப்பாட்டுங்க" என்றார் அப்பா.

நான் போனேன். இருபது நிமிஷம் காத்திருந்தேன். வந்தது. இந்த முறை கோபம் இல்லை. எழுந்தேன், நின்றேன். வலப்பக்கம் ஒரு பச்சைச் சுவர் எனக்கு முன்னால் விரிந்துகொண்டே போனது, நானும் போய்க்கொண்டே இருந்தேன். சத்தமே இல்லை. தலைக்கு மேல் தண்ணீர் வளைந்து, அதன் வழியாக வெயில் வந்தது. பத்து விநாடி இருக்கும். அலை என்னைக் கால்வாய்க்குள் இறக்கிவிட்டது, படகுக்குப் பத்தடி தள்ளி. எதன் மேல் நிற்கிறாய் என்று கேட்டாயே, இன்னும் தெரியவில்லை. ஆனால் நின்றேன்.

கரையில் தோசை வாங்கிக் கொடுத்தார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை. பஸ் ஏறும்போது மட்டும், "சின்னவளத் திட்டாத" என்றார்.

திட்டவில்லை.

உன் அக்கா,
பிரின்சி

ராயப்பன்பட்டி
14.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை நூலகத்திலேயே படித்தேன். முதுகு பாறையில் உரசிய இடத்தில் நிறுத்திவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன். கிருபாவதி அக்கா கேட்கவே இல்லை, நானே அவரிடம் நீட்டிவிட்டேன். படித்துவிட்டு, "இனிமே இந்த மண்ணியல் புத்தகத்த யாராச்சும் எடுத்தாலும் எடுக்கட்டும்" என்றார்.

அப்பா தேநீர்க் கடையில் அந்த அலையைப் பற்றிச் சொல்கிறார். முதல் நாள் தென்னை மர உயரம் என்றார். நேற்று கோபுர உயரம். வாந்தியைப் பற்றி இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. உபதேசியார் தெருவில் என்னைப் பார்த்தால், "அடுத்த கருத்து எப்பம்மா?" என்று கேட்கிறார். பெயின்ட் வேலை முடிந்து பெட்டிகளைப் பழையபடி மாற்றிவிட்டார்கள். நேற்று அப்பா என்னிடம் போனைக் கொடுத்து, "அந்த நம்பருக்கு என்னமோ பண்ணி வச்சேன். எடுத்து விட்டுரு" என்றார். எடுத்துவிட்டேன். அம்மா உன்னோடு பேசிய முக்கால் மணி நேரமும் அவர் தோட்டத்துக்குப் போகாமல் அங்கேயே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

போனில் என்னால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சீட்டில் நீ பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன். அது உண்மை. ஆனால் அன்று சாயங்காலம் கெபிக்கு முன் முழங்காலிட்டபோது நான் வேண்டிக்கொண்டது அதை அல்ல. அலை வரக் கூடாது என்று வேண்டினேன். ஞாயிறு காலை கடல் நம் ஊர்க் குளம்போல் கிடக்க வேண்டும், நீ ஏமாந்து கரைக்குத் திரும்ப வேண்டும், இனி எந்த வருஷமும் அது உடையவே கூடாது என்று வேண்டினேன். நீ இரண்டு வருஷமாக எதற்காகக் காத்திருந்தாயோ, அது கிடைக்கக் கூடாது என்று உன் சொந்தத் தங்கை கேட்டாள். சத்தியத்தை மீறியதைவிட இதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அந்த வேண்டுதல் பலிக்கவில்லை. உன் கடிதத்தில் வெயில் தண்ணீர் வழியாக வந்தது என்று படித்தபோது, பலிக்காததற்காக மாதாவுக்கு நன்றி சொன்னேன். வேண்டியது கிடைக்காததற்கு நான் நன்றி சொன்னது அதுதான் முதல் முறை.

நீ மன்னித்தாயா என்று கேட்கப் போவதில்லை. மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, உனக்குத் தெரிந்தால் போதும். எழுதி முடித்ததும் லேசாக இருக்கிறது.

அடுத்த முறை தெற்கே புயல் அடிக்கும்போது, அலை வரட்டும் என்று மனதாரக் கேட்பேன். ஆனால் அதற்கு முன்னால் ஜாஸ்பர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். அதை மட்டும் நீ தடுக்க முடியாது.

உன்,
இவாஞ்சலின்